கம்பைலருக்குத் தெரியாத உறவுகள்

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் மூலநிரலில் பல ஆண்டுகளாக நான்கு பங்காளிக் கோப்புகள் இருந்தன. காப்பிஃபங்க்ஸ், ஈக்வல்ஃபங்க்ஸ், அவுட்ஃபங்க்ஸ், ரீட்ஃபங்க்ஸ் என்று பெயர். நாம் எழுதும் எஸ்கியூஎல் வினவலை போஸ்ட்கிரெஸ் தனக்குள் ஒரு மரமாக மாற்றிக்கொள்கிறது. மரத்தின் ஒவ்வொரு கணுவும் சி மொழியில் ஒரு ஸ்ட்ரக்ட், அதாவது பல தரவுப் புலங்களை ஒன்றாகக் கட்டிவைத்த அமைப்பு. முதல் கோப்பு கணுவை நகலெடுக்கும். இரண்டாவது, இரண்டு கணுக்கள் ஒன்றுதானா என்று ஒப்பிடும். மூன்றாவது கணுவை உரையாக எழுதும். நான்காவது அந்த உரையைப் படித்து மறுபடி கணுவாக்கும். கணு வகைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. ஒவ்வொன்றிலும் உள்ள ஒவ்வொரு புலத்துக்கும் ஒரு வரி வேண்டும். அத்தனை வரிகளையும் மனிதர்கள்தான் உட்கார்ந்து எழுதினார்கள்.

வேறொரு தலைப்புக் கோப்பில் (வரையறைகளை வைக்கும் கோப்பு) இருக்கும் ஒரு ஸ்ட்ரக்ட்டில் ஒருவர் புதிய புலம் ஒன்றைச் சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நான்கு கோப்புகளின் பக்கமே அவர் போகவில்லை. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் வாய் திறக்காது. அதைப் பொறுத்தவரை எல்லாம் சரி; இலக்கணப் பிழை இல்லை, வகைப் பிழை இல்லை. ஆனால் கணுவை நகலெடுக்கும்போது புதிய புலம் மட்டும் பூஜ்யமாகவே நின்றுவிடும். எந்த வினவலில், எந்தச் சூழலில் அந்தக் கணு நகலெடுக்கப்படுகிறதோ அன்றைக்குத்தான் கோளாறு தெரியும். எழுதும் கோப்பில் மறந்தால் விளைவு இன்னும் மோசம். வியூக்களின், அதாவது பெயரிட்டுச் சேமித்த வினவல்களின், வரையறை இந்த உரை வடிவத்தில்தான் வட்டில் சேமிக்கப்படுகிறது. விட்டுப்போன புலம் வியூவிலிருந்தே காணாமல் போய்விடும்.

அனுபவசாலிகள் மறக்க மாட்டார்கள். 'ஸ்ட்ரக்ட்டைத் தொட்டால் அந்த நாலையும் தொடு' என்பது அவர்கள் கைக்கே பழகிப்போனது. புதிதாக வருபவர் அதை யாராவது திருத்திச் சொல்லித்தான் கற்றுக்கொள்ள வேண்டும். இந்த விதி கோப்புகளுக்கு இடையில் இருக்கிறது, ஆனால் எந்தக் கோப்பிலும் நிரலாக எழுதப்படவில்லை. நிரலைப் படித்து, எந்தக் கோப்பு எதை அழைக்கிறது என்று வரைபடம் போடும் கருவிகளுக்கும் இது அகப்படாது.

ஆனால் ஓரிடத்தில் அது பதிவாகிக்கொண்டே இருந்தது. ஸ்ட்ரக்ட் மாறிய கமிட்டுகளை, அதாவது ஒரே தவணையாகச் சேர்த்துப் பதிந்த மாற்றங்களை, எடுத்துப் பார்த்தால் அவற்றில் பெரும்பாலானவற்றில் இந்தப் பங்காளிகளும் வரிசையாக நிற்பார்கள். யாரும் ஆவணப்படுத்த நினைத்து எழுதியதல்ல அது. வேலை செய்த தடம், அவ்வளவுதான். பதிப்புக் கட்டுப்பாட்டு வரலாற்றிலிருந்து மறைந்திருக்கும் சார்புகளைத் தோண்டி எடுப்பது என்றால் இந்தத் தடத்தைப் படிப்பதுதான். ஆய்வாளர்கள் இதைத் தர்க்கப் பிணைப்பு என்றும் மாற்றப் பிணைப்பு என்றும் பல பெயர்களில் அழைக்கிறார்கள். நான் கூட்டு மாற்றம் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

யோசனை புதிதல்ல. 1998இல் வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரால்ட் கால், கரின் ஹாயெக், மெஹ்தி ஜசயேரி மூவரும் ஒரு தொலைபேசி இணைப்பக மென்பொருளின் 20 வெளியீடுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். நிரலை அவர்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை. எந்தெந்தத் தொகுதியின் பதிப்பு எண் எந்தெந்த வெளியீட்டில் மாறியது என்ற அட்டவணை மட்டுமே கையில். ஒரே தாளத்தில் மாறிக்கொண்டே வந்த தொகுதிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கட்டமைப்பு வரைபடத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை சில, உள்ளூரக் கைகோத்து நடப்பது தெரிந்தது.

இதற்கான கணிதம் கடைத்தெருவிலிருந்து வந்தது. 1990களின் தொடக்கத்தில் ராகேஷ் அகர்வாலும் அவருடன் ஐபிஎம்மில் பணியாற்றியவர்களும், கடைப் பில்களிலிருந்து 'இதை வாங்கியவர் அதையும் வாங்குகிறார்' என்ற விதிகளைப் பிரித்தெடுக்கும் முறைகளை வகுத்தார்கள். மளிகைச் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இட்லி அரிசி இருக்கும் சீட்டில் உளுந்தும் இருக்கும். சீட்டுக்குப் பதில் கமிட், சரக்குக்குப் பதில் கோப்பு. மற்ற கணக்கு அப்படியே.

2004இல் தாமஸ் சிம்மர்மன், பீட்டர் வைஸ்கெர்பர், ஸ்டெஃபான் டீல், ஆண்ட்ரியாஸ் செல்லர் ஆகியோர் ரோஸ் என்ற கருவியில் இதைச் செய்து காட்டினார்கள். நிரலாளர் ஒரு ஃபங்ஷனைத் திருத்தியதும், 'இதை மாற்றியவர்கள் இவற்றையும் மாற்றினார்கள்' என்று எக்லிப்ஸ் என்ற நிரலெழுதும் மென்பொருளுக்குள்ளேயே அது பட்டியல் நீட்டும். எட்டுத் திறமூலத் திட்டங்களின் வரலாற்றில் சோதித்தார்கள். போஸ்ட்கிரெஸும் அவற்றில் ஒன்று. முதல் மாற்றத்துக்குப் பிறகு தொட வேண்டிய மற்ற கோப்புகளில் 26 சதவீதத்தைக் கருவி சரியாகச் சொன்னது. முதல் மூன்று பரிந்துரைகளுக்குள் சரியான இடம் ஒன்றாவது இருக்கும் வாய்ப்பு 64 சதவீதம். 26 என்பதைக் கேட்டு உதட்டைப் பிதுக்க வேண்டாம். நிரலின் பொருள் எதுவும் தெரியாமல், பழைய கணக்கேட்டை மட்டும் புரட்டிச் சொன்ன ஆரூடம் அது.

அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த கண்டுபிடிப்பு நிரல் சம்பந்தப்பட்டதே அல்ல. போஸ்ட்கிரெஸின் ஆவணங்களில், பயனரை உருவாக்கும் கட்டளையின் பக்கமும் நீக்கும் கட்டளையின் பக்கமும் மாறியபோதெல்லாம், தரவுத்தளத்தை உருவாக்கும், நீக்கும் கட்டளைகளின் பக்கங்களும் மாறியிருந்தன. நான்கும் வெறும் உரைக் கோப்புகள். எந்தக் கம்பைலர் வந்து அவற்றுக்குள் உறவு சொல்லப்போகிறது?

சரி, கணக்குக்கு வருவோம். கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளின் லாக் கட்டளையிடம் கமிட் வாரியாகக் கோப்புப் பெயர்களை மட்டும் கேட்டால் மூலப்பொருள் கிடைத்துவிடும். ஒவ்வொரு கமிட்டிலும் உள்ள கோப்புகளை ஜோடி ஜோடியாக எடுத்து எண்ண வேண்டியதுதான். ஒரு களஞ்சியத்தில் (ஒரு திட்டத்தின் நிரலும் அதன் வரலாறும் இருக்கும் இடம்) மொத்தம் 1,000 கமிட்டுகள் என்று கொள்வோம். 'அ' என்ற கோப்பு 40 கமிட்டுகளில் மாறியிருக்கிறது, 'ஆ' 25இல், இரண்டும் சேர்ந்து 20இல். 'அ' மாறினால் 'ஆ'வும் மாறும் வாய்ப்பு 40க்கு 20, அதாவது 50 சதவீதம். 'ஆ' மாறினால் 'அ' மாறும் வாய்ப்போ 25க்கு 20, 80 சதவீதம். ஒரே ஜோடிக்கு இரண்டு எண்கள். இந்தச் சாய்வைப் பலரும் கவனிப்பதில்லை, கவனிக்க வேண்டியதே அதைத்தான். யார் யாரை இழுத்துக்கொண்டு போகிறார் என்பது அதில்தான் இருக்கிறது.

இன்னொரு பொறியும் உண்டு. மளிகைச் சீட்டில் உப்பு எல்லாவற்றோடும் வரும். அதனால் உப்புக்கும் இட்லி அரிசிக்கும் தனி உறவு என்று யாரும் சொல்வதில்லை. மேலே சொன்ன களஞ்சியத்தில் 'இ' என்ற கோப்பு 500 கமிட்டுகளில் மாறுகிறது என்றால், எந்த உறவும் இல்லாமலே 'அ'வின் 40 மாற்றங்களில் 20இல் அது தற்செயலாக வந்து நிற்கும். 50 சதவீதம் என்று கருவி சொல்லும்; அதற்கு மதிப்பு பூஜ்யம். தற்செயலாக எத்தனை முறை சேர்ந்திருக்கக்கூடும் என்று பார்த்து அதோடு வகுக்க வேண்டும். 'அ'–'இ' ஜோடிக்கு அந்த ஈவு 1. 'அ'–'ஆ' ஜோடிக்கு, தற்செயலாக எதிர்பார்க்கக்கூடியது 40ஐயும் 25ஐயும் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் வருவது, வெறும் 1 முறை. நடந்ததோ 20 முறை. அங்கே ஏதோ இருக்கிறது.

போஸ்ட்கிரெஸில் உப்புபோலத் தோன்றி உப்பாக இல்லாத கோப்பு ஒன்று உண்டு. கேட்வெர்ஷன் என்ற அந்தத் தலைப்புக் கோப்பின் சாரம் ஒரே ஓர் எண்: ஆண்டு, மாதம், தேதி, அதன் பின்னால் அன்றைய வரிசை எண். போஸ்ட்கிரெஸ் தன்னைப் பற்றிய விவரங்களை வைத்திருக்கும் உள் அட்டவணைகளின் அமைப்பு மாறினால் அந்த எண்ணையும் ஏற்ற வேண்டும். சர்வர் கிளம்பும்போது தன் எண்ணையும் தரவுக் கோப்புறையில் பதிந்த எண்ணையும் ஒப்பிடும். பொருந்தாவிட்டால் இயங்க மறுக்கும். எண்ணை ஏற்ற மறந்தால், பழைய தரவின் மேல் புதிய நிரல் ஏறி உட்கார்ந்து விபரீதமாக நடந்துகொள்ளும். உள்ளமைந்த ஃபங்ஷன்களைப் பட்டியலிடும் பிஜி-ப்ராக் கோப்பு மாறினால் கேட்வெர்ஷனும் அநேகமாக மாறியாக வேண்டும். மறுதிசையில் அப்படியில்லை, கேட்வெர்ஷன் மாற நூறு காரணங்கள் உண்டு. முன்னே பார்த்த நான்கு பங்காளிகளும் இங்கே வந்து சேருகிறார்கள்: வியூக்கள் உரையாகச் சேமிக்கப்படுவதால், கணுவின் எழுத்து வடிவம் மாறினாலும் இந்த எண் ஏற வேண்டும். ஸ்ட்ரக்ட்டிலிருந்து எழுதும் கோப்புக்கு, அங்கிருந்து தேதி போட்ட ஓர் எண்ணுக்கு. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிகூடக் கம்பைலர் கண்ணில் படாது.

இதில் ஒரு சுவையான சமாசாரம். நிரல் திருத்தத்தை அனுப்பும் பங்களிப்பாளர்களிடம் கேட்வெர்ஷனைத் தொட வேண்டாம் என்றே சொல்கிறார்கள். ஆளாளுக்கு அந்த எண்ணை மாற்றி அனுப்பினால் ஒன்றோடொன்று மோதும். கடைசியில் களஞ்சியத்தில் சேர்ப்பவர்தான் ஏற்ற வேண்டும். ஆக, வந்த திருத்தங்களை மட்டும் ஆராய்பவருக்கு இந்த உறவே இல்லை. களஞ்சியத்தின் வரலாற்றைப் படிப்பவருக்கு அது பளிச்சென்று தெரியும்.

முதல் முறை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பவருக்குக் கிடைக்கும் பட்டியல் பெரும்பாலும் ஏமாற்றும். உச்சியில் நிற்பவை ஊரறிந்த ஜோடிகள்: சோதனைக் கோப்பும் அதன் எதிர்பார்க்கும் விடைக் கோப்பும், சி கோப்பும் அதன் தலைப்புக் கோப்பும், கருவியால் உருவாக்கப்பட்ட கோப்பும் அதன் மூலமும். அவற்றைத் தள்ளிவிட்டுக் கீழே இறங்க வேண்டும். வேறு வேறு அடைவுகளில், வேறு வேறு மொழிகளில், பெயரில் எந்த ஒற்றுமையும் இல்லாமல் சேர்ந்தே மாறும் ஜோடிகள்தான் நமக்கு வேண்டியவை.

அதற்கும் முன்னால் வரலாற்றைச் சலிக்க வேண்டும். போஸ்ட்கிரெஸில் ஆண்டுதோறும் ஜனவரியில் ஒரு கமிட் வரும்: காப்புரிமை வரியில் ஆண்டை மாற்றுவது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகளை அது தொடும். ஆயிரம் கோப்புகள் என்றே வைத்தாலும் ஏறக்குறைய 5 லட்சம் பொய் ஜோடிகள், ஒரே கமிட்டில். நிரலை அழகுபடுத்தும் பிஜிஇண்டெண்ட் ஓட்டங்களும் இதே ரகம். 2017இல் லினக்ஸ் கெர்னலில் உரிம அடையாளம் சேர்த்த ஒரு கமிட் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகளைத் தொட்டது. அதன் ஜோடிகள் 5 கோடியைத் தாண்டும். அதனால்தான் ரோஸ் முதலே, 30க்கு மேற்பட்ட இடங்களைத் தொடும் மாற்றங்களைக் கருவிகள் ஒதுக்கிவிடுகின்றன. ஆடம் டார்ன்ஹில் எழுதிய கோட்-மாட் கருவியிலும் இயல்பான வரம்பு கமிட்டுக்கு 30 கோப்புகள்தான். குறைந்தது 5 முறை மாறிய கோப்பாக இருக்க வேண்டும், ஜோடி 5 முறையாவது சேர்ந்திருக்க வேண்டும், பிணைப்பு 30 சதவீதத்தையாவது எட்ட வேண்டும் என்பவை அதன் மற்ற வரம்புகள். இவை வேதவாக்கு அல்ல. சிறிய குழு, பெரிய கமிட்டுகள் என்றால் 30 என்பது நல்ல தானியத்தையும் சேர்த்துத் தூற்றிவிடும்.

பெயர் மாற்றம் இன்னொரு தொல்லை. கிட் பெயர் மாற்றத்தை ஒருபோதும் பதிவு செய்வதில்லை. உள்ளடக்கத்தின் ஒற்றுமையை வைத்து, பாதிக்கு மேல் ஒத்துப்போனால் அதே கோப்புதான் என்று பின்னால் ஊகிக்கிறது. போஸ்ட்கிரெஸின் 11ஆம் பதிப்புக்கான வேலையில், 2018இல், பிஜி-ப்ராக் தலைப்புக் கோப்பிலிருந்த தரவு தனியொரு தரவுக் கோப்புக்குக் குடிபெயர்ந்தது, வடிவமும் மாறியது. ஊகத்துக்கு இடமே இல்லாத மாற்றம் அது. அந்த எல்லைக்கு அப்பால் நீளும் உறவைக் கருவி இரண்டாக வெட்டிவிடும். கையால் ஒட்டினால்தான் உண்டு.

இப்போது நாம் கமிட் என்று சொல்லும் சீட்டே ஒரு காலத்தில் இல்லை. போஸ்ட்கிரெஸ் 1996 முதல் 2010 வரை சிவிஎஸ் என்ற பழைய பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் இருந்தது. சிவிஎஸ் ஒவ்வொரு கோப்பின் வரலாற்றையும் தனித்தனியாக வைக்கும். எவை ஒன்றாக மாறின என்ற குறிப்பு கிடையாது. அதே நபர், அதே குறிப்புரை, அடுத்தடுத்த பதிவுகளுக்கு இடையே 200 வினாடிக்குள் என்றால் அது ஒரே மாற்றம் என்று ரோஸ் ஆய்வாளர்கள் தாங்களே ஒட்டிக்கொண்டார்கள். கிழிந்த பில்களைச் சேர்த்து ஒட்டிக் கணக்குப் பார்ப்பது மாதிரி. கிட்டில் அந்தப் பாடு இல்லை. ஆனால் இன்றைய குழுக்கள் வேறு வழியில் சீட்டைக் கெடுத்துக்கொள்கின்றன. ஒரு மாத வேலையை ஒரே கமிட்டாகப் பிசைந்து சேர்த்தால் சம்பந்தமில்லாதவை சம்பந்திகளாகிவிடும். 2013இல் கிம் ஹெர்சிக், ஆண்ட்ரியாஸ் செல்லர் இருவரும் ஐந்து ஜாவா திட்டங்களில் பார்த்தபோது, வழு (நிரல் பிழை) திருத்தங்களில் 15 சதவீதம் வரை வேறு வேலைகளும் பின்னிக்கிடந்தன. இதற்கு நேரெதிர், ஒரே வேலையை எட்டுக் களஞ்சியங்களில் சிதறடிப்பது. அப்போது கமிட்டை விட்டுவிட்டு, வேலைச்சீட்டு எண்ணை வைத்துத்தான் தொகுக்க வேண்டும்.

ஒரு கமிட்டுக்குள் அடங்காத உறவும் உண்டு. போஸ்ட்கிரெஸில் புதிய எஸ்கியூஎல் தொடரியல் வந்தால், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் பிஎஸ்கியூஎல் முனையத்தில் டேப் விசையை அழுத்தும்போது அது தானாக நிரம்ப வேண்டும். அதற்கான கோப்பு தனி. முதன்மை வேலை சேர்ந்து சில வாரமோ சில மாதமோ கழித்து, 'இதற்கு டேப் நிரப்புதல் சேர்க்கப்பட்டது' என்று ஒரு சிறு கமிட் தனியாக வருவது அங்கே வாடிக்கை. சார்பு உண்மை, ஆனால் கமிட் கணக்கில் அது தெரியாது. காலச் சாளரத்தை அகட்டினால் தெரியும். கூடவே நிறையக் குப்பையும் வரும். இங்கே நல்ல விடை என்று ஒன்று இருப்பதாக நான் நினைக்கவில்லை.

இத்தனை சலித்த பிறகு கையில் நிற்கும் ஜோடிகளை என்ன செய்வது? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பிணைப்பு என்றாலே குற்றம் என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் பிரிக்கக் கிளம்புகிறார்கள். அப்படி இல்லை. நிரலும் அதன் ஆவணமும் சேர்ந்து மாறுவது ஆரோக்கியம். மாறாமலிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். சில ஜோடிகள் நகலெடுத்து ஒட்டிய நிரலின் அடையாளம். அவற்றைப் பொது ஃபங்ஷனாக்கலாம். சில, ஒருவர் எழுத மற்றவர் படிக்கும் வடிவத்தின் இரு கரைகள். எந்த வடிவமைப்பு முடிவு மாறக்கூடுமோ அதை ஒரு தொகுதிக்குள் ஒளித்துவை என்று டேவிட் பார்னஸ் 1972இலேயே எழுதினார்; கூட்டு மாற்றப் பட்டியல் என்பது, அப்படி ஒளிக்கத் தவறிய முடிவுகளின் பட்டியலாகவும் இருக்கலாம். இன்னும் சில ஜோடிகளுக்குக் காரணம் நிரலிலேயே இருக்காது: ஒரே ஆள் இரண்டையும் பார்த்துக்கொள்கிறார், அவருக்குச் செவ்வாய்க்கிழமை ஓய்வு கிடைத்தது. எண் இதைச் சொல்லாது. கமிட்டுகளைத் திறந்து படிக்கத்தான் வேண்டும்.

இருந்தாலும் இது வெறும் ஆர்வக் கணக்கு அல்ல. மார்செலோ கடால்டோ, ஜேம்ஸ் ஹெர்ப்ஸ்லெப் உள்ளிட்டோர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், நிரலில் வெளிப்படையாகத் தெரியும் சார்புகளைவிட இந்த மறைமுகச் சார்புகளுக்கே வழுக்களோடு வலுவான தொடர்பு இருந்தது. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வெளிப்படையான சார்பை உடைத்தால் கம்பைலர் கத்தும்.

போஸ்ட்கிரெஸ்காரர்கள் முதலில் செய்தது, கம்பைலர் கத்தாத இடத்தில் கத்த இன்னொன்றை வைத்தது. மேம்பாட்டாளர்களுக்கென்று சில அமைப்புகள் உண்டு: அவற்றை இயக்கினால் ஒவ்வொரு வினவல் மரமும் வேண்டுமென்றே நகலெடுக்கப்பட்டு, உரையாக எழுதப்பட்டு, மறுபடி படிக்கப்பட்டு, மூலத்தோடு ஒப்பிடப்படும். எங்காவது புலம் விட்டுப்போயிருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஆனால் எழுதுவது மட்டும் கைவேலையாகவே நீடித்தது. 2022 ஜூலையில்தான் அந்த நான்கு கோப்புகளின் பெரும்பகுதியைத் தலைப்புக் கோப்பிலிருந்தே உருவாக்கித் தரும் ஒரு பெர்ல் நிரல் சேர்க்கப்பட்டது; 2023இல் வந்த 16ஆம் பதிப்பில் அது வெளியானது. ஒரு ஸ்ட்ரக்ட்டில் புலம் சேர்த்தால் மற்றவை தானாக வரும். ஏதாவது புலத்தை நகலெடுக்கவோ ஒப்பிடவோ கூடாது என்றால், அந்தப் புலத்தின் பக்கத்திலேயே ஒரு குறிப்பு போட வேண்டும். அதற்கு முந்தைய வரலாற்றையும் பிந்தைய வரலாற்றையும் தனித்தனியாகக் கணக்கிட்டால், பங்காளிகளின் கூட்டு மாற்றம் சட்டென்று வற்றியிருக்கும். ஒரு சீரமைப்பு உண்மையில் பலித்ததா என்று அளக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

கேட்வெர்ஷன் மட்டும் இன்னும் கையால்தான் ஏறுகிறது. போஸ்ட்கிரெஸின் வரலாறு இழைபோல நேராக ஓடும், கிளைகள் வந்து கலப்பதில்லை. அதனால் முதன்மைக் கிளையை மட்டும் எடுத்துக்கொண்டு, ஜோடிகளைத் தேடுவதை நிறுத்திவிட்டு, ஜோடி உடைந்த நாட்களைத் தேடலாம். கேட்வெர்ஷன் என்ற ஒரே கோப்பை மட்டும் தொட்ட கமிட்டுகளை வடிகட்டுங்கள். குறிப்புரையில், முந்தைய கமிட்டில் எண்ணை ஏற்ற மறந்துவிட்டதாக ஒரு வரி ஒப்புதல் இருக்கும். முந்தைய கமிட் எது, இடையில் எத்தனை மணி நேரம், யார் நினைவூட்டினார்கள் என்று பார்த்துக்கொண்டே போனால், அந்த விதியை நன்றாக அறிந்தவர்கள் எந்த வகை மாற்றத்தின்போது அதை மறக்கிறார்கள் என்பது தெரியவரும். உங்கள் களஞ்சியத்திலும் அப்படியொரு கோப்பு இருக்கும். அதைத் தனியாக, அவசரமாக, மன்னிப்புக் குறிப்போடு தொட்ட கமிட்டுகளை முதலில் எடுத்துப் படியுங்கள்.